இங்கிலாந்து தோற்க வேண்டும், லிவர்பூல் வெல்ல வேண்டும்: அயர்லாந்து ரசிகர்களின் தீராத பற்று

டப்ளின் நகரின் வடபகுதியில் கப்ரா என்றொரு தொழிலாளர் குடியிருப்பு இருக்கிறது. அங்கே ரயில் பாதைக்கு மேலாகச் செல்லும் ஒரு பாலத்துக்கு 2006 டிசெம்பரில் லியாம் வீலனின் பெயரைச் சூட்டினார்கள். டப்ளினின் சில பாலங்களும் ரயில் நிலையங்களும் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராகப் போராடி மாண்டவர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. வீலன் போராளி இல்லை. அவர் மன்செஸ்டர் யுனைட்டட் என்ற இங்கிலாந்துக் கழகத்துக்காக உதைபந்தாடிய கப்ராப் பையன். 1958 பெப்ரவரி 6 ஆம் திகதி, பெல்கிரேட்டிலிருந்து திரும்பும் வழியில் மியூனிச் விமான நிலையத்தில் அணியின் விமானம் நொறுங்கியது. உயிரிழந்த 23 பேரில் எட்டுப் பேர் வீரர்கள். அவர்களில் ஒருவரான வீலனுக்கு அப்போது வயது 22. ஐந்து மாதங்களுக்கு முன்னர்தான், 1957 செப்டெம்பரில், அவர் தன் சொந்த ஊருக்கு அருகிலிருக்கும் டலிமவுண்ட் பார்க் மைதானத்தில் டப்ளினின் ஷம்ரொக் ரோவர்ஸ் அணிக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்திருந்தார். யுனைட்டட் 6 - 0 என வென்றது. தங்கள் நகரத்து அணியைத் தோற்கடித்த பையனைத்தான் அந்த நகரம் சில மாதங்களில் கிளாஸ்நெவின் மயானத்தில் அழுது புதைத்தது.

இந்தப் பாலத்தில் நின்று யோசித்தால் ஒரு கேள்வி எழும். பல நூற்றாண்டுகள் இங்கிலாந்தின் ஆட்சியின் கீழ் இருந்து, 1919 முதல் 1921 வரை ஆயுதம் ஏந்திப் போராடிப் பிரிந்த நாடு அயர்லாந்து. அங்கே நாற்பது, ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய ஆண்களும் பெண்களும் லிவர்பூலுக்காக அழுவதும், மன்செஸ்டருக்காக வீட்டில் சாப்பிடாமல் இருப்பதும் ஏன்? ஆண்டவனின் விளையாட்டை ரசிக்கலாமா என்ற கேள்வியை எமது வாசகர்களும் வேறு வடிவங்களில் தமக்குள் கேட்டிருப்பார்கள். அயர்லாந்தில் அந்தக் கேள்வி வெறும் மனச்சங்கடமாக நிற்கவில்லை. ஒரு காலத்தில் அது எழுத்தில் உள்ள சட்டமாகவே இருந்தது.

தடை இருந்த காலம்

1884 இல் திப்பரெரி மாவட்டத்தின் தேர்ல்ஸ் நகரில் கேலிக் விளையாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஹேர்லிங், கேலிக் உதைபந்தாட்டம் ஆகிய சொந்த விளையாட்டுகளைக் காப்பதே அதன் நோக்கம். அந்தச் சங்கத்தின் 27 ஆவது விதி, உதைபந்தாட்டம், ரக்பி, ஹொக்கி, கிரிக்கெட் ஆகிய 'அந்நிய விளையாட்டுகளை' உறுப்பினர்கள் ஆடுவதை மட்டுமன்றிப் பார்ப்பதையும் தடை செய்தது. மைதானங்களில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவர 'கண்காணிப்புக் குழு' ஆட்களை அனுப்புவார்கள். பிடிபட்டவர் இடைநிறுத்தப்படுவார். இதற்காகத் தொப்பியை முகம்வரை இழுத்துவிட்டுக் கொண்டு போட்டி பார்த்தவர்களின் கதைகள் அந்த நாட்டில் இன்றும் சொல்லப்படுகின்றன.

விதி எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 1938 இல் நடந்ததைச் சொன்னால் போதும். அயர்லாந்தின் முதலாவது ஜனாதிபதி டக்ளஸ் ஹைட், அதே டலிமவுண்ட் பார்க்கில் அயர்லாந்துக்கும் போலந்துக்கும் இடையிலான போட்டியைப் பார்க்கச் சென்றார். நாட்டின் தலைவர் தன் நாட்டு அணியின் ஆட்டத்துக்குச் சென்றார், அவ்வளவுதான். கேலிக் சங்கம் அவரைத் தனது புரவலர் பதவியிலிருந்து நீக்கியது. அழிந்துகொண்டிருந்த ஐரிஷ் மொழியை மீட்கவென்று 1893 இல் கேலிக் லீக் அமைப்பைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் இந்த ஹைட்தான் என்பது இங்கே கவனிக்க வேண்டியது.

தடை 1971 இல்தான் நீக்கப்பட்டது. அதற்குள் அது நடைமுறையில் செத்துப்போயிருந்தது. உதைபந்தாட்டம் டப்ளின், கோர்க், வோட்டர்ஃபோர்ட் போன்ற நகரங்களின் தொழிலாளர் தெருக்களில் ஊறிவிட்டது. அந்தத் தெருப் பையன்களை எந்த விதியும் கட்டுப்படுத்தவில்லை. பிற்காலத்தில் கெவின் மோரன் என்பவர் 1976 இலும் 1977 இலும் டப்ளின் அணிக்காகக் கேலிக் உதைபந்தாட்டத்தின் அகில அயர்லாந்துக் கிண்ணத்தை வென்றுவிட்டு, அடுத்த ஆண்டே மன்செஸ்டர் யுனைட்டட்டில் சேர்ந்தார். ஒரே வீட்டில் ஒரு சுவரில் மாவட்டத்தின் கேலிக் அணிக் கொடியும் இன்னொரு சுவரில் லிவர்பூல் கொடியும் தொங்குவதை இன்று யாரும் முரண்பாடாகப் பார்ப்பதில்லை.

கப்பலேறிப் போன உறவுகள்

இந்தப் பற்றின் வேரைத் தேடினால் அது விளையாட்டில் இல்லை, கப்பல் துறைமுகத்தில் இருக்கிறது. 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து இலட்சம் பேர் இறந்தார்கள். ஏறத்தாழ அதே அளவினர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். 1847 என்ற ஒரே ஆண்டில் லிவர்பூல் துறைமுகத்தில் வந்திறங்கிய ஐரிஷ் மக்கள் ஏறக்குறைய மூன்று இலட்சம். பலர் அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பல் மாறினார்கள். பணமில்லாதவர்கள் லிவர்பூலிலேயே தங்கினார்கள். 1851 குடிசனக் கணக்கெடுப்பில் அந்த நகரத்தவரில் ஐவரில் ஒருவருக்கு மேல் அயர்லாந்தில் பிறந்தவர்கள்.

பஞ்சத்தோடு அது முடியவில்லை. சுதந்திர நாடான பின்னரும் வேலை இல்லை. 1950 களில் மட்டும் சுமார் நான்கு இலட்சம் பேர் வெளியேறினார்கள். முப்பது இலட்சத்துக்குச் சற்றே குறைந்த சனத்தொகை கொண்ட ஒரு நாட்டில் அது எத்தகைய வெற்றிடம் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இம்முறை பெரும்பாலானோர் போனது இங்கிலாந்துக்கு: கட்டட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் மருத்துவமனைத் தாதி வேலைக்கும். மன்செஸ்டரில் ஒரு மாமா, லிவர்பூலில் ஒரு பெரியம்மா, இலண்டனின் வட பகுதியில் அண்ணன் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்கே ஆள் இருந்தது. கோடை விடுமுறைக்கு ஊர் திரும்பும் அண்ணன் சூட்கேஸில் கொண்டுவந்தது ஒரு சிவப்பு ஸ்கார்ஃபும் போட்டிநாள் சஞ்சிகையும்தான். தம்பி அன்றிலிருந்து ஆர்சனல் ரசிகன். இன்று அறுபது வயதிலிருக்கும் ஐரிஷ் ரசிகரிடம் ஏன் இந்தக் கழகம் என்று கேட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு தரம் ஒரு உறவினரின் பெயரைத்தான் சொல்வார். கோலைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வரும்.

நம்மவர்கள் ஆடிய கழகங்கள்

போனவர்களில் பந்து தெரிந்த பையன்களும் இருந்தார்கள். 1948 இல் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற மன்செஸ்டர் யுனைட்டட்டின் தலைவர் டப்ளின்காரரான ஜோனி கெரி. இரண்டாம் உலகப் போரில் அயர்லாந்து நடுநிலை வகித்தபோதும், அவர் பிரித்தானிய இராணுவத்தில் சேர்ந்து பணியாற்றினார் என்பது வேறு கதை. 1963 இல் அதே கிண்ணத்தை யுனைட்டட் வென்றபோது தலைவராக இருந்தவர் கோர்க்கைச் சேர்ந்த நோயல் கன்ட்வெல். 1968 இல் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அணியில் டப்ளினின் டோனி டன், மன்செஸ்டரில் ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்த ஷே பிரெனன், பெல்ஃபாஸ்ட்டின் ஜோர்ஜ் பெஸ்ட் ஆகியோர் இருந்தார்கள்.

ஆர்சனலின் கதை இன்னும் சுவையானது. 1979 எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியில் யுனைட்டட்டை 3 - 2 என வென்ற ஆர்சனலின் பதினொருவரில் ஆறு பேர் அயர்லாந்துத் தீவைச் சேர்ந்தவர்கள். லியாம் பிரேடி, டேவிட் ஓலீரி, ஃபிராங்க் ஸ்டேப்பிள்டன் தெற்கிலிருந்து. பற் ஜெனிங்ஸ், பற் ரைஸ், சமி நெல்சன் வடக்கிலிருந்து. முகாமையாளர் டெரி நீல் பெல்ஃபாஸ்ட்காரர். எல்லை போட்டுப் பிரித்த தீவின் வீரர்கள் ஒரே அணியில் ஒன்றாக நின்றது இலண்டனில்தான் சாத்தியமானது. 1921 இலேயே உதைபந்தாட்ட நிர்வாகமும் பெல்ஃபாஸ்ட், டப்ளின் என இரண்டாகிவிட்டதால், தாயகத்தில் அவர்கள் இரண்டு வெவ்வேறு தேசிய அணிகளுக்கே ஆட முடிந்தது.

இப்படிப் பார்த்தால் ஐரிஷ் ரசிகர் ஆதரித்தது முழுவதும் 'அந்நியக் கழகம்' என்று சொல்ல முடியாது. தன் தெருப் பையன் எங்கே ஆடினானோ அங்கே அவரது மனமும் போனது. பையன் ஓய்வுபெற்ற பின்னர் மனம் திரும்பி வரவில்லை, அதுதான் விடயம்.

இங்கிலாந்து வேறு, இங்கிலாந்துக் கழகம் வேறு

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விளங்காத இடம் இது. இங்கிலாந்துக் கழகத்துக்காக உயிரை விடும் அதே ஆள், இங்கிலாந்தின் தேசிய அணி உலகக் கிண்ணத்தில் தோற்றால் சந்தோசமாகத் தூங்குவார். 1988 ஜூன் 12 ஆம் திகதி ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், ஐரோப்பியக் கிண்ணத் தொடரில், அயர்லாந்து இங்கிலாந்தை 1 - 0 என வென்றது. கோல் அடித்தவர் லிவர்பூல் வீரர் ரே ஹவுட்டன். அயர்லாந்து அணியில் அவரோடு லிவர்பூலின் ஜோன் ஓல்ட்ரிட்ஜும் ரொனி வீலனும் ஆடினார்கள். எதிரே இங்கிலாந்து அணியில் லிவர்பூலின் ஜோன் பார்ன்ஸும் பீற்றர் பியர்ட்ஸ்லியும். டப்ளினில் இருந்த லிவர்பூல் ரசிகர் சனிக்கிழமைகளில் பார்ன்ஸுக்காகக் கத்திய தொண்டையாலேயே அன்று அவருக்கு எதிராகக் கத்தினார். அயர்லாந்தை அன்று வழிநடத்தியவர் ஜக் சார்ள்டன். 1966 இல் இங்கிலாந்துக்காக உலகக் கிண்ணம் வென்ற ஆங்கிலேயர் அவர். அவருக்குப் பின்னர் கௌரவ ஐரிஷ் குடியுரிமை வழங்கப்பட்டது.

எல்லா நாட்களும் அப்படி இனிமையாக முடியவில்லை. 1995 பெப்ரவரி 15 ஆம் திகதி டப்ளினின் லான்ஸ்டவுன் ரோட் மைதானத்தில் இரு நாட்டு அணிகளும் மோதியபோது, அயர்லாந்து ஒரு கோல் அடித்ததும் மேல்தட்டில் இருந்த ஆங்கிலேயக் கும்பல் ஒன்று இருக்கைகளைப் பிடுங்கிக் கீழே இருந்தவர்கள் மீது வீசியது. தீவிர வலதுசாரிக் குழுக்கள் அதன் பின்னணியில் இருந்தன. 27 ஆவது நிமிடத்தில் போட்டி கைவிடப்பட்டது. அடுத்த சனிக்கிழமை இங்கிலாந்துக் கழகங்களின் ஆட்டங்களுக்கு ஐரிஷ் ரசிகர்கள் கப்பலேறாமல் இருந்தார்களா என்றால், இல்லை. அரசும் அதன் கொடியும் ஒரு பக்கம், லிவர்பூல் நகரமும் அங்கே வேர்விட்ட சனமும் இன்னொரு பக்கம் என்று அவர்கள் மனதில் எப்போதோ பிரித்து வைத்துவிட்டார்கள்.

வடக்கில் இது வேறு

வட அயர்லாந்தில் உள்ளூர்க் கழகத்தின் ஜேர்சி அணிவது ஒருவரின் மதத்தையும் அரசியலையும் சொல்லிவிடும். கத்தோலிக்க மக்களின் அணியாக இருந்த பெல்ஃபாஸ்ட் செல்டிக், 1948 டிசெம்பர் 27 இல் லின்ஃபீல்ட் அணியுடன் வின்ட்சர் பார்க்கில் ஆடிய போட்டியின் பின்னர் அதன் வீரர் ஜிமி ஜோன்ஸ் கும்பலால் தாக்கப்பட்டுக் கால் முறிந்தார். அந்த ஜோன்ஸ் ஒரு புரொட்டஸ்தாந்தர். அந்தப் பருவத்தோடு பெல்ஃபாஸ்ட் செல்டிக் லீக்கிலிருந்து விலகியது. பிறகு திரும்பி வரவேயில்லை. டெரி சிற்றி கழகம் 1972 இல் வட அயர்லாந்து லீக்கை விட்டு விலகி, 1985 இல் எல்லைக்கு அப்பால் தெற்கின் லீக்கில் சேர்ந்து ஆடத் தொடங்கியது. கடலுக்கு அப்பாலிருந்தாலும் ஸ்கொட்லாந்தின் செல்டிக், ரேஞ்சர்ஸ் என்ற இரு கழகங்களும் இதே பிளவின் நீட்சிகள்தான்.

இந்த நிலையில் மன்செஸ்டரும் லிவர்பூலும் ஒருவகைப் பொது இடமாகின. இரு சமூகத்தவரும் ஒரே சிவப்பு ஜேர்சியை அணியலாம். சந்தேகப் பார்வை விழாது. கிழக்கு பெல்ஃபாஸ்ட்டின் கிரெகா குடியிருப்பில் புரொட்டஸ்தாந்தக் குடும்பத்தில் வளர்ந்த ஜோர்ஜ் பெஸ்ட் 15 வயதில் மன்செஸ்டருக்குக் கப்பலேறினார்; வீட்டு ஏக்கம் தாங்காமல் ஓரிரு நாட்களிலேயே திரும்பி வந்து, பின்னர் மீண்டும் போனார். 2005 டிசெம்பர் 3 ஆம் திகதி அவரது இறுதிச் சடங்கு ஸ்டோர்மொன்ட் நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்தபோது, மழையில் வீதியோரம் நின்ற சனத்தில் இரு பக்கத்தவரும் இருந்தார்கள். அப்படி இரு பக்கமும் ஒன்றாக அழுத சாவுகள் அந்த நகரத்தில் அரிது.

ஆனால் பொது இடம் என்று நினைத்ததிலும் முள் இருக்கிறது. டெரி நகரின் கிரெகன் பகுதியில் பிறந்தவர் ஜேம்ஸ் மக்லீன். 1972 ஜனவரி 30 ஆம் திகதி, 'இரத்த ஞாயிறு' அன்று, பிரித்தானியப் பரசூட் படையினர் சுட்டதில் நிராயுதபாணிகளான 13 பேர் அன்றே உயிரிழந்தார்கள். காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். அவர்களில் பலர் கிரெகன் பகுதியினர். 38 ஆண்டுகள் கழித்து, 2010 இல் வெளியான செவில் விசாரணை அறிக்கைக்குப் பின்னரே பிரித்தானியப் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். மக்லீன் சண்டர்லான்ட், விகன், வெஸ்ட் புரொம், ஸ்டோக் எனப் பல இங்கிலாந்துக் கழகங்களுக்கு ஆடினார். நவம்பர் மாதத்தில் போரில் இறந்த பிரித்தானியப் படையினரை நினைவுகூரும் பொப்பி மலர் பதித்த ஜேர்சியை அணிய 2012 முதல் அவர் மறுத்து வந்தார். இரு உலகப் போர்களில் இறந்தவர்களுக்கு மட்டுமான நினைவு என்றால் அணிவேன், ஆனால் அந்த மலர் தன் ஊரில் நடந்ததையும் சேர்த்தே குறிக்கிறது என்று 2014 இல் விகன் கழகத் தலைவருக்குக் கடிதம் எழுதி விளக்கினார். கூச்சலும் கொலை மிரட்டலும் வந்தன. எதிரணி ரசிகர்களிடமிருந்து மட்டுமல்ல, சில வேளைகளில் தன் அணி ரசிகர்களிடமிருந்தும் வந்தன. தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஐரிஷ் ரசிகருக்கு, தான் காதலிக்கும் அந்த மைதானத்தில் தன் கதைக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது அந்த நிமிடங்களில் தெரிந்திருக்கும்.

இழந்தது யார்?

இந்தப் பற்றுக்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுத்தவை உள்ளூர்க் கழகங்கள். 1950 களில் டப்ளினின் மில்டவுன், டலிமவுண்ட் மைதானங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நிரம்பி வழிந்தன. பிறகு தொலைக்காட்சி வந்தது. கிழக்குக் கரையோர வீடுகளில் உயரமான அன்டெனாக்களை நட்டு, வேல்ஸிலிருந்தும் வட அயர்லாந்திலிருந்தும் கசிந்த பிபிசி அலைகளைப் பிடித்தார்கள். 1964 இல் 'மச் ஒஃப் த டே' நிகழ்ச்சி ஆரம்பமான பின்னர், சனி இரவு பெஸ்ட்டைப் பார்த்தவருக்கு ஞாயிறு உள்ளூர் ஆட்டம் சப்பென்றானது. 1987 இல் ஷம்ரொக் ரோவர்ஸின் மில்டவுன் மைதானத்தை அதன் உரிமையாளர்கள் விற்றார்கள். ரசிகர்கள் மறியல் செய்தும் பயனில்லை. இன்று அங்கே வீடுகள். நாட்டிலேயே அதிகம் பட்டம் வென்ற கழகம் 22 ஆண்டுகள் வாடகை மைதானங்களில் அலைந்து, 2009 இல்தான் டல்லா என்ற புறநகரில் நிலையான இடம் கண்டது.

உள்ளூர் லீக் ரசிகர்கள் மற்றவர்களைக் 'கதிரை ரசிகர்கள்' என்ற பொருளில் கேலி செய்வார்கள். மதுச்சாலைக் கதிரையில் அமர்ந்து திரையைப் பார்த்து "நாங்கள் வென்றோம்" என்கிறீர்களே, அந்த "நாங்கள்" யார் என்பது அவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். தமிழில் 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு சொல் இருப்பதால் எமக்கு இந்த நுணுக்கம் எளிதில் விளங்கும். 1976 இல் அமெரிக்க உளவியலாளர் ரொபர்ட் சியால்டினியும் குழுவினரும் பல்கலைக்கழக மாணவர்களை ஆராய்ந்தபோது, தங்கள் அணி வென்ற வாரத்தில் மாணவர்கள் அணியின் ஆடையை அதிகம் அணிவதையும், வெற்றியைப் பற்றிப் பேசும்போது "நாங்கள்" என்றும் தோல்வியைப் பற்றிப் பேசும்போது "அவர்கள்" என்றும் சொல்ல முற்படுவதையும் கண்டார்கள். பிறர் வெற்றியின் வெளிச்சத்தில் குளிர்காய்வது என்று அதைச் சொல்லலாம்.

ஐரிஷ் ரசிகர் விடயத்தில் இந்த விளக்கம் பாதிதான் பொருந்தும் என்பது என் கருத்து. வெற்றியின் வெளிச்சம் மட்டுமே காரணமாக இருந்தால், லிவர்பூல் லீக் பட்டமே இல்லாமல் கழித்த 1990 முதல் 2020 வரையான முப்பது ஆண்டுகளில் ரசிகர்கள் கலைந்திருக்க வேண்டும். கலையவில்லை, மகன்களுக்கும் மகள்களுக்கும் தோல்வியையே சீதனமாகக் கொடுத்தார்கள். லீட்ஸ் கழகத்தின் நிலை இன்னும் மோசம். ஜோனி கைல்ஸ் ஆடிய 1960, 70 களில் அதற்கு ஐரிஷ் ரசிகர்கள் சேர்ந்தார்கள். 2004 முதல் 16 ஆண்டுகள் அது கீழ்ப் பிரிவுகளில் கிடந்தபோதும் அவர்கள் விட்டுவிடவில்லை. இறந்துபோன தகப்பனோடு பேச எஞ்சியிருக்கும் ஒரே வழி அந்தக் கழகம்தான் என்ற நிலையில் இருப்பவருக்கு, புள்ளிப் பட்டியல் பெரிய விடயமில்லை.

கழகங்கள் இந்தப் பாசத்தை எப்படிப் பார்க்கின்றன என்பது வேறு. யுனைட்டட்டின் பெரும் பங்குகளை வைத்திருந்த ஐரிஷ் செல்வந்தர்கள் ஜோன் மக்னியரும் ஜே.பி. மக்மனஸும், முகாமையாளர் அலெக்ஸ் ஃபெர்குசனுடன் ஒரு பந்தயக் குதிரையின் உரிமை தொடர்பில் முரண்பட்டு, 2005 இல் தங்கள் பங்குகளை அமெரிக்காவின் கிளேசர் குடும்பத்துக்கு விற்றார்கள். கழகத்தின் உரிமை மாறியது. கடன் கழகத்தின் தலையில் ஏறியது. கப்ராவிலும் கோர்க்கிலும் இருந்த ரசிகரிடம் யாரும் கேட்கவில்லை. அவரோ வழமைபோல அடுத்த போட்டிக்கு விமானச்சீட்டு எடுத்தார். டப்ளினிலிருந்து மன்செஸ்டர் ஒரு மணிநேரப் பறப்பு. முன்பு வெள்ளி இரவு கப்பலேறி விடியற்காலை இறங்கியவர்களின் பிள்ளைகள் இப்போது காலையில் போய் இரவே திரும்புகிறார்கள்.

அறுந்த பாலம்

இப்போது மாறிக்கொண்டிருப்பது வீரர்களின் பாதை. டொனகோல் மாவட்டத்தின் மீன்பிடித் துறைமுகமான கில்லிபெக்ஸில் கேலிக் உதைபந்தாட்டம் ஆடி வளர்ந்த சேமஸ் கோல்மனை, 2009 இல் ஸ்லைகோ ரோவர்ஸிடமிருந்து எவர்ட்டன் 60,000 பவுணுக்கு வாங்கியது. அவர் பின்னர் எவர்ட்டனின் தலைவரானார். கோர்க்கின் ரோய் கீன் 1990 இல் கோவ் ரம்ப்ளர்ஸ் என்ற சிறு கழகத்திலிருந்து நொட்டிங்ஹம் ஃபொரஸ்ட்டுக்குப் போய், மூன்று ஆண்டுகளில் யுனைட்டட்டை அடைந்தார். அந்தக் காலத்தில் பையன்கள் 15, 16 வயதிலேயே போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் முதல் அணிவரை எட்டாமல், படிப்பும் இல்லாமல் 20 வயதில் வீடு திரும்பினார்கள் என்பதை ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால், 2021 தொடக்கத்திலிருந்து 18 வயதுக்குக் குறைந்த ஐரிஷ் வீரர்கள் இங்கிலாந்துக் கழகங்களில் சேர முடியாது. பொஹீமியன்ஸ் கழகத்தின் எவன் ஃபெர்குசன் 16 வயதில் பிரைட்டனுக்குப் போனது அந்தக் கதவு மூடப்படும் வேளையில்தான். அதன் பின்னர் திறமையான பையன்கள் உள்ளூர் லீக்கில் இரண்டு மூன்று ஆண்டுகள் தங்குகிறார்கள், சிலர் இத்தாலிக்கும் நெதர்லாந்துக்கும் போகிறார்கள். டலிமவுண்டிலும் டல்லாவிலும் வெள்ளிக்கிழமை இரவுகளில் கூட்டம் மீண்டும் சேரத் தொடங்கியிருக்கிறது. அதில் நிறைய இளைஞர்கள். டப்ளினின் சென்ற் பற்றிக்ஸ் அத்லெட்டிக் அணியின் மேசன் மெலியாவை வாங்க டொட்டன்ஹம் 2025 இன் தொடக்கத்திலேயே ஒப்பந்தம் செய்தது. ஆனாலும் 18 வயது நிறையும்வரை, அடுத்த ஜனவரி வரும்வரை, இலண்டன் கழகம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு பருவம் முழுவதும் அவர் ஆடியது இன்சிகோர் என்ற தொழிலாளர் பகுதியில், சில ஆயிரம் பேர் மட்டுமே கொள்ளும் ரிச்மண்ட் பார்க் மைதானத்தில்.